ஒரே கண்ணாடியில் இரண்டு வட்டம்

கேள்வி ஒரே வரிதான். ஆய்விதழிலிருந்து வந்திருந்தது. கட்டுரையைச் சரிபார்த்த யாரோ ஒருவர் கேட்டிருந்தார்: இரண்டு ஊர்களிலும் மைக்ராஸ்கோப்புக் கண்ணாடிகளில் எத்தனையைக் கழித்தீர்கள், எதற்காக?

கெங்கெஸ் அகாய் அதைக் குவானிஷ் பக்கம் தள்ளிவிட்டார். அகாய் என்றால் வாத்தியார். கல்லூரியில் அவனுக்குப் பாடம் எடுத்தவர், இப்போது ஆய்வுக்கூடத்தின் தலைவர். அழைக்கும் முறை மட்டும் மாறவில்லை.

"மைக்ராஸ்கோப்பை இப்ப நீதானே பாத்துக்கற. நாலு வரி எழுதிக் குடு. சாயம் சரியாப் பிடிக்கலைன்னு போடு, போதும்."

குவானிஷ் தலையாட்டினான். போன வசந்தத்தில் மனைவியைப் புதைத்துவிட்டு வந்ததிலிருந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தான். சாப்பிட்டாயா என்றால் தலையாட்டுவான். தூங்கினாயா என்றால் தலையாட்டுவான். அதற்குமேல் யாரும் கேட்பதில்லை. அவனுக்கும் அது வசதியாக இருந்தது.

இருட்டறைக்குள் போய்க் கறுப்புத் திரையை இழுத்துவிட்டுக் கணினியைத் திறந்தான்.

இரண்டு ஊர். ஒன்று அக்ஜால், பாலிகன் ஓரத்தில் இருப்பது. அணுகுண்டு வெடித்துப் பார்த்த புல்வெளியைச் ஆய்வுக்கூடம் இருக்கும் செமேய் நகரத்துக்காரர்கள் பாலிகன் என்றுதான் சொல்வார்கள். இன்னொன்று தஸ்புலாக். இர்டிஷ் ஆற்றுக்கு அந்தப் பக்கம், வெகுதூரம். குண்டுப் புழுதியைச் சுமந்து அந்தப் பக்கம் காற்று அடிக்கவே இல்லை என்பது அரசாங்கத்தின் கணக்கு. வரைபடத்தில் ஒரு கோடு போட்டிருந்தார்கள். கோட்டுக்கு உள்ளே இருப்பவர்களுக்குப் பாதிக்கப்பட்டவர் என்ற அட்டை, கொஞ்சம் கூடுதல் ஓய்வூதியம், வருஷத்துக்கு ஒரு தடவை ரத்தப் பரிசோதனை. வெளியே இருப்பவர்களுக்கு நல்ல காற்று.

ஆய்வு எளிமையானதுதான். இரண்டு ஊர்க்காரர்களிடமும் ரத்தம் எடுத்து, அதன் செல்களைக் கண்ணாடியில் தடவிப் பார்ப்பது. டி.என்.ஏ.வின் மேல் ஆங்காங்கே மெத்தில் என்ற சின்ன வேதிக்குறி ஒட்டியிருக்கும். எதைப் படிக்கலாம், எதை மூடியே வைக்க வேண்டும் என்று செல்லுக்குச் சொல்லும் குறி. அந்தக் குறியைத் தேடிப் போய் ஒட்டும் சாயம் ஒன்று இருக்கிறது. விளக்கொளி பட்டால் பச்சையாக மின்னும். குறிகள் நிறைந்த செல் நல்ல பச்சை. குறிகள் உதிர்ந்த செல் வெளிறிக் கிடக்கும். உதிர்ந்தால், மூடியிருக்க வேண்டியது திறந்துகொள்ளும். அக்ஜால்காரர்களின் பேரப்பிள்ளைகளுக்குக்கூடச் செல்கள் வெளிறியிருக்கின்றன, தஸ்புலாக்காரர்களுக்கு இல்லை. இதுதான் கட்டுரை. அகாயின் பத்து வருஷ உழைப்பு.

கழித்த கண்ணாடிகளின் படங்கள் தனியாக ஒரு கோப்புறையில் கிடந்தன. ஏழு. ஏழும் தஸ்புலாக். அக்ஜாலில் ஒன்றுகூட இல்லை.

ஏழையும் வரிசையாகத் திறந்தான். வெளிறிய உருண்டைகள். ஐந்தாவது படத்தின் மூலையில் எண்ணைப் பார்த்தான். தஸ்புலாக் பத்தொன்பது.

கையைச் சுட்டியிலிருந்து எடுத்தான்.

ஒன்றும் கிடைக்காத ஊரில் எவன் வந்து ரத்தம் கொடுப்பான்? தஸ்புலாக் பக்கம் ஆள் சேராதபோது எல்லா ஆய்வுக்கூடமும் செய்வதைத்தான் இவர்களும் செய்தார்கள். வேலை செய்பவர்களின் வீட்டில் அந்த ஊர்க்காரர் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தார்கள். அவன் மனைவி அகெர்கே தஸ்புலாக்கில் பிறந்தவள். நகராட்சி நீச்சல்குளத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தாள். குதிரை மாதிரி உடம்பு. ஆய்வுக்கூட நடைபாதையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கையை நீட்டினாள். எண் பத்தொன்பது என்றதும், "கேட்டியா, எனக்கு வயசு பத்தொன்பதுதானாம், நீதான் கெழவன்" என்று சிரித்தாள். மறுவாரம் அவன் பயிற்சிக்காக நொவசிபிர்ஸ்க் நகரத்துக்குப் போய்விட்டான். அந்தக் கண்ணாடிகளைப் படம் எடுத்தது அகாய்.

ஒன்றரை வருஷம் கழித்து அவளுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. தெரிந்தபோது முற்றியிருந்தது.

குவானிஷ் ஐந்தாவது படத்தை மூடினான், மறுபடி திறந்தான். உள்ளே எதுவோ கிளம்பியது. அது என்னவென்று முதலில் அவனுக்குப் பிடிபடவில்லை. பிறகு புரிந்தது. கோபம். ஒரு வருஷமாக அவனுக்குள் எதுவும் வந்திருக்கவில்லை. வந்தது இதுதான்.

பக்கத்து அறையில் பிபிநூர் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஐம்பதைத் தாண்டியவள், கண்ணாடிகளுக்குச் சாயம் ஏற்றுபவள். வாயில் எந்நேரமும் சூரியகாந்தி விதை. அவளை அவன் அப்கே என்பான், அக்கா.

"அப்கே, தஸ்புலாக் கண்ணாடிக்கெல்லாம் சாயம் போட்டது யாரு?"

"வேற எந்த மகராசி இங்க கைய நனைக்கறா? நான்தான்."

"ஏழுல சாயம் பிடிக்கலையாம்."

குழாயை மூடினாள். "எவன் சொன்னது?"

"அகாய்."

"அக்ஜால் கண்ணாடி, தஸ்புலாக் கண்ணாடி, ரெண்டையும் ஒரே தட்டுல பக்கத்துல பக்கத்துல நிக்க வச்சுத்தான் அமிலத்துல முக்கறேன். டி.என்.ஏ.வை அமிலம் பிரிச்சு விட்டாத்தான் சாயம் உள்ள போகும். அக்ஜால்ல ஒண்ணு கெடலை. தஸ்புலாக்ல மட்டும் ஏழு கெட்டுச்சா? என் அமிலத்துக்கு ஊர்ப் பேர் படிக்கத் தெரியுமா?"

"அதுல ஒண்ணு பத்தொன்பது."

பிபிநூர் விதைத்தோலை உள்ளங்கையில் துப்பி, அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அவ கைல நான்தானே ஊசி குத்தினேன்," என்றாள். பிறகு கெட்ட வார்த்தை ஒன்று சொன்னாள். அவனைப் பார்த்தல்ல.

அகாயின் அறையில் வெப்பக் குழாய் கொதித்துக்கொண்டிருந்தது. வெளியே குளிர், பூஜ்யத்துக்கு முப்பது டிகிரி கீழே. அவர் பால் விட்ட தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"எழுதிட்டியா?"

"ஏழையும் எதுக்குக் கழிச்சீங்க?"

"வெளிறி இருந்துச்சு. சாயம் பிடிக்கலை."

"அக்ஜால்லயும் வெளிறித்தான் இருக்கு."

"அது கண்டுபிடிப்புடா."

"ஒரே மாதிரி வெளிறல். அங்க இருந்தா கண்டுபிடிப்பு, இங்க இருந்தா குப்பையா?"

அகாய் கோப்பையைக் கீழே வைத்தார். "குவானிஷ். நீ எதைப் பாத்துட்டு வந்திருக்கேன்னு எனக்குத் தெரியும். உக்காரு."

"நிக்கறேன்."

"அது நோய்க்குப் பரிசோதனை இல்லை. அந்தக் கண்ணாடியைப் பாத்து எந்த டாக்டரும் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டான். நான் எடுத்து வச்சிருந்தாலும் அவளைக் காப்பாத்தியிருக்க முடியாது. உனக்கே தெரியும்."

தெரியும். அதுதான் தாங்க முடியவில்லை. அவர் சொன்னது அத்தனையும் சரி. சரியான ஒன்றைச் சொல்லி வாயை அடைப்பவனைப் பார்த்து வரும் கோபத்துக்கு ஈடு எதுவும் இல்லை.

"காப்பாத்தறதைப் பத்தி நான் பேசலை. கணக்குல சேக்கறதைப் பத்திப் பேசறேன். ஏழு பேரையும் திருப்பிப் போடுங்க."

"போட்டா?"

"போட்டா தஸ்புலாக்கும் சுத்தம் இல்லைன்னு தெரியும். கோட்டை நகத்துவாங்க."

அகாய் சிரித்தார். நல்ல சிரிப்பில்லை. "நகத்துவாங்களா? இந்த நாட்டுல எந்த ஊர்ல இருக்க நீ? அமைச்சகத்துல ஒருத்தன் இதைப் படிப்பான். சுத்தமான ஊர்க்காரனுக்கும் இப்படித்தான் இருக்கு, அப்ப இது சாதாரணம், அக்ஜால்காரன் சும்மா கத்தறான்னு எழுதுவான். கோட்டை அழிச்சே விட்டுடுவான். அக்ஜால் என் ஊரு. என் தம்பிங்க ரெண்டு பேரும் அங்கதான் மண்ணுக்குள்ள படுத்திருக்காங்க. அவங்க பொண்டாட்டிங்க கைல இருக்கற அட்டையை நான் பிடுங்கணுமா?"

"அதுக்காகப் பொய் சொல்லுவீங்களா?"

"பொய் சொல்லலை. சாயம் பிடிக்கலை."

"பிடிச்சுது!"

அவன் கத்தியது அவனுக்கே புதிதாக இருந்தது. நடைபாதையில் யாரோ நடப்பதை நிறுத்தினார்கள்.

"வெளிய போ," என்றார் அகாய்.

போனான். நேராக ஆழ்குளிர்ப் பெட்டிக்குப் போனான். சாயம் போட்டது போக மிச்சச் செல்களைச் சின்னப் புட்டிகளில் வைத்திருப்பது வழக்கம். தஸ்புலாக் பத்தொன்பது இருந்தது. புட்டியின் அடியில் நகக்கண் அளவு வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. அவளில் மண்ணுக்குள் போகாமல் மிஞ்சியது அவ்வளவுதான். அப்படி நினைத்தவுடன் அந்த நினைப்பைத் தள்ளிவிட்டான். அதற்கு நேரமில்லை.

பக்கத்துத் தட்டிலிருந்து அக்ஜால் எண் மூன்று புட்டியை எடுத்தான். அது யாருடையது என்று ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். ஊர்க்காரர்கள் ரத்தம் கொடுக்கப் பயந்தபோது முதல் வரிசையில் போய்க் கையை நீட்டியவர் அகாய்தான். அதை அவரே பெருமையாகச் சொல்வார்.

"என்ன செய்யப் போற?" பிபிநூர் வாசலில் நின்றாள்.

"ஒரே கண்ணாடி. மெழுகுப் பேனாவுல ரெண்டு வட்டம். ஒண்ணுல அவ, ஒண்ணுல அவரு. ஒரே அமிலம், ஒரே சாயம், ஒரே வெளிச்சம். இடது வலது மாத்தி மாத்தி நாலு கண்ணாடி."

"பைத்தியக்காரா." கையுறையை மாட்டினாள். "தள்ளு. உன் கைல அமிலத்தைக் குடுத்தா நிஜமாவே சாயம் பிடிக்காது."

மறுநாள் மத்தியானம் வரை இழுத்தது. அமிலத்தில் முக்கி, கழுவி, சாயத்தில் ஊறவைத்து, மறுபடி கழுவி. பிபிநூர் விதை கொறிக்காமல் வேலை செய்ததை அவன் பார்த்தது அன்றுதான். கண்ணாடிகளில் எந்த எழுத்தும் போடவில்லை. எந்த வட்டம் யாருடையது என்று அவளுக்கு மட்டும் தெரியும். அவனிடம் சொல்லக் கூடாது என்று அவனே சொல்லியிருந்தான். அவன் கண்ணும் ஊர்ப் பேர் படிக்கும் கண்தான்.

அகாயைக் கூப்பிடப் போனது அவள். என்ன சொன்னாளோ, அவர் வந்தார். இருட்டறையில் மூன்று பேர் நிற்க இடம் போதவில்லை.

"என்ன கூத்து இது?"

"ஒரு வட்டம் உங்களுது," என்றான் குவானிஷ். "இன்னொண்ணு அகெர்கேயோடது. எது உங்களுதுன்னு சொல்லுங்க."

"நான் உன் மாணவன் இல்லை. பரீட்சை வைக்காதே."

"ஒண்ணு கண்டுபிடிப்பு, ஒண்ணு குப்பை. பாத்தாத் தெரியணுமே. அன்னிக்குத் தெரிஞ்சுதே."

"அகாய், பாருங்க," என்றாள் பிபிநூர். "பாக்கறதுக்குக் காசா பணமா?"

அவர் திரும்பிப் போய்விடுவார் என்றுதான் குவானிஷ் நினைத்தான். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். கண்ணை வைத்தார். தட்டை இடப்பக்கம் நகர்த்தினார், வலப்பக்கம் நகர்த்தினார். டி.என்.ஏ.வை மட்டும் காட்டும் சிவப்பு ஒளிக்கு மாற்றினார். இரண்டு வட்டத்திலும் சிவப்பு பளிச்சென்று இருந்தது. அமிலம் எதையும் கெடுத்துவிடவில்லை. மறுபடி பச்சை. வெளிறிய உருண்டைகள், இங்கேயும் அங்கேயும். அடுத்த கண்ணாடியைக் கேட்டார். அதற்கடுத்ததையும். நாலாவதை வைத்தபோது அவர் மூச்சு விடுவது அறை முழுக்கக் கேட்டது.

"தெரியலை," என்றார்.

மைக்ராஸ்கோப் விளக்கை அணைத்தார்.

"இதான் வேணுமா உனக்கு? தெரியலை. என் செல்லும் உன் பொண்டாட்டி செல்லும் ஒரே மாதிரி இருக்கு. சந்தோஷமா?" எழுந்தபோது நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "இப்ப என்ன? தம்பி பொண்டாட்டிங்ககிட்டப் போய் நீ சொல்லறியா? அட்டை போச்சு, குவானிஷுக்கு மனசு ஆறிடுச்சுன்னு?"

"எனக்கு ஒண்ணும் ஆறலை."

"அப்புறம் எதுக்குடா இது!"

"அவளைக் குப்பைல போட்டீங்க. அதுக்கு."

அதைச் சொன்னபோதுதான் அவனுக்கே தெரிந்தது. தஸ்புலாக்கும் கோடும் நியாயமும் எல்லாம் அப்புறம். முதலில் அதுதான்.

அகாய் கையை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. பிபிநூர் நடுவில் வந்து நின்றுகொண்டாள். "மைக்ராஸ்கோப் மேல விழாதீங்க ரெண்டு பேரும். மாத்தறதுக்கு வேற இல்லை," என்றாள்.

அகாய் தன் அறைக்குப் போனார். குவானிஷ் பின்னாலேயே போனான். அவர் மேசையில் நாலு வரியை வைத்தான். மூன்றைக் காலையிலேயே எழுதி வைத்திருந்தான், நாலாவதை இப்போதுதான் சேர்த்தான். தஸ்புலாக்கில் ஏழு கழித்தோம். அக்ஜாலில் எதுவும் இல்லை. வெளிறியிருந்ததால் கழித்தோம். சாயத்தில் குறை இல்லை என்று இப்போது சோதித்து அறிந்தோம்.

அவர் நின்றபடியே படித்தார். தட்டச்சு செய்தார். ஒரு வார்த்தையும் மாற்றவில்லை. அனுப்பும் விசையை விரலால் அல்ல, முஷ்டியால் குத்தினார்.

"போச்சு. கட்டுரையும் போச்சு, பத்து வருஷமும் போச்சு. இனி என் கண்ணு முன்னால நிக்காதே."

ஆய்விதழ் ஒரு வாரத்தில் கட்டுரையைத் திருப்பி அனுப்பியது. தஸ்புலாக் பக்கம் ஆட்கள் போதாது, ஊர்க்காரர்கள் பலரிடம் ரத்தம் எடுத்து, ஊர் தெரியாமல் எண் மட்டும் போட்டுப் படமெடுத்து வாருங்கள், பிறகு பார்க்கலாம் என்றது. அகாய் அதை வாசலில் வைத்தே குவானிஷிடம் நீட்டினார். "உன் மாமியார் ஊருதானே. போ. போய் எடுத்துட்டு வா. குடுக்கறாங்களா பாப்போம்."

தஸ்புலாக்கில் முதலில் எந்தக் கதவைத் தட்டுவது என்று யோசிக்கத் தேவையிருக்கவில்லை. அகெர்கேயின் தங்கை ரௌஷான் அங்கேதான் இருந்தாள். இரண்டு பிள்ளைகள். கணவன் ரயில்வேயில்.

அக்கா புருஷனை ஜெஸ்தே என்பார்கள். ஜெஸ்தேயைக் கிண்டல் செய்வது மைத்துனியின் உரிமை. கல்யாணத்தன்று ரௌஷான் அவன் காலணியை ஒளித்துவைத்து, திருப்பித் தர ஒரு செல்பேசியைப் பிடுங்கியவள். வீட்டுக்கு வரும்போதெல்லாம் சட்டைப்பையைத் தடவிப் பார்ப்பாள். புதைத்த நாளிலிருந்து அவள் அவனைக் கிண்டல் செய்யவில்லை. இன்றும் கதவைத் திறந்து, "வாங்க ஜெஸ்தே" என்று மரியாதையாகச் சொன்னாள். அதுவே கன்னத்தில் அறை மாதிரி விழுந்தது.

தேநீர் ஊற்றினாள். பொரித்த மாவுருண்டைகளை மேசைத் துணியில் கொட்டினாள். அவன் எடுத்துச் சென்ற பெட்டியில் ஊசிகளும் குழாய்களும் இருந்ததைப் பார்த்தாள். அவன் சொன்னான். கேள்வி வந்ததிலிருந்து நாலு கண்ணாடி வரை, சுருக்கமாக. வேறு மாதிரி அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை.

ரௌஷான் பெட்டியின் மூடியைச் சாத்தினாள். பிறகு கேட்டாள்.

"அக்கா உயிரோட இருந்தப்பவே அது வெளிறித்தான் இருந்துச்சா?"

"அது நோய்க்குப் பரிசோதனை இல்லை, ரௌஷான். வெளிறியிருந்தா நோய் வரும்னு..."

"நான் அதைக் கேக்கலை. வெளிறி இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"யாரும் சொல்லலை."

"இல்லை."

"ஊர்ப் பேரைப் பாத்துட்டுத் தூக்கிப் போட்டுட்டாங்க."

"ஆமா."

"யாரு? நீங்களா?"

"நான் அப்ப ஊர்ல இல்லை."

"நீங்க வேலை செய்யற எடம்தானே! உங்க வாத்தியார்தானே!" மேசையில் கோப்பை குதித்தது. உள்ளறையில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் அமைதியானார்கள். "ஒரு வருஷமாக் கல்லு மாதிரி வந்து உக்காந்துட்டுப் போறீங்க. எங்கம்மா அழுதா தலையாட்டறீங்க. நான் அழுதா தலையாட்டறீங்க. பாவம், துக்கத்துல ஒடைஞ்சு போயிட்டாருன்னு ஊரே சொல்லுது. இப்ப ஊசியைத் தூக்கிட்டு வந்து நிக்கறீங்க. எதுக்கு? கட்டுரைக்கா?"

"கட்டுரைக்கும்தான்."

"வேற எதுக்கு?"

"இங்க இருக்கறவங்களுக்கும் வருஷா வருஷம் பரிசோதனை வேணும். சுத்தம் சுத்தம்னு சொல்லியே யாரும் எட்டிப் பாக்கலை. வெளிறியிருக்குன்னு எண்ணிக் காட்டினாத்தான் கேக்கலாம். இதனால அக்ஜால்காரங்க அட்டை போனாலும் போகலாம். நிச்சயமா எதுவும் சொல்ல முடியாது." பெட்டியின் மூடியைத் திறந்தான். "எனக்குக் கோவம். அதான் வந்தேன்."

அவள் அவனையே பார்த்தாள். இவ்வளவு நேரத்தில் அவன் சொன்னதில் அந்த ஒன்றை மட்டும்தான் அவள் நம்பினாள் போலிருந்தது.

"கோவமா," என்றாள். "உங்களுக்கா. நல்லது. வருதே."

எழுந்து போனாள். வெளிக்கதவைத் திறந்து, பனிக்குள் தலையை நீட்டிப் பக்கத்து வீட்டை நோக்கிக் கத்தினாள். "கலாம்காஸ்! இங்க வா! உங்க மாமியாரையும் கூட்டிட்டு வா! எதுக்கா? வந்தாத் தெரியும், வாடி!" அடுத்த வீட்டையும் கூப்பிட்டாள். கதவை அறைந்து சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து, கம்பளிச் சட்டையின் கையைத் தோள்வரை ஏற்றிவிட்டாள். அக்காவின் கை மாதிரியே இருந்தது, கொஞ்சம் பருமன்.

"எடுங்க. ஆனா ஒண்ணு. என்னுது வெளிறியிருந்தா எனக்கு முதல்ல சொல்லணும். என் மூஞ்சிக்கு நேரா. ஆய்விதழுக்கு அப்புறம் சொல்லிக்கலாம். புரிஞ்சுதா?"

"சொல்லறேன்."

"தலையாட்டாதீங்க. வாயால சொல்லுங்க."

"சொல்லறேன்னேன்ல."

ரப்பர் பட்டையைக் கட்டினான். பஞ்சால் துடைத்தான். நரம்பு நன்றாகத் தெரிந்தது. ஊசியை எடுக்காமல் அதே இடத்தை மறுபடி மறுபடி துடைத்தான். இந்த வேலையை அவன் நூறு பேருக்குச் செய்திருக்கிறான். ஒரு தடவைக்குமேல் துடைத்ததே இல்லை.

வெளியே பனியில் காலடிகள் நொறுங்கும் சத்தம் கேட்டது. பெண்கள் ஏதோ கேட்டுக்கொண்டு வந்தார்கள்.

"எத்தனை தடவை துடைப்பீங்க ஜெஸ்தே," என்றாள் ரௌஷான், பல்லைக் கடித்துக்கொண்டு. "அழறதுன்னா அப்புறமா அழுங்க. வந்துட்டாங்க பாருங்க. குத்துங்க."

குத்தினான்.